குவாதலூப்பில் எட்டு நாள்: சந்தை, சாப்பாடு, கடற்கரை என இருவர் சுற்றிவர ஒரு முழுமையான வழிகாட்டி

கரீபியன் கடல் தீவான குவாதலூப்பில் போய் இறங்கிய முதல் நாளே நானும் மனைவியும் பட்டினி கிடந்தோம். கையில் பணம் இருந்தது, வாடகைக் கார் இருந்தது, கடற்கரையை ஒட்டி வரிசையாக உணவகங்களும் இருந்தன. ஆனால் மணி இரண்டே முக்கால். எல்லா இடத்திலும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். "இனி ராத்திரி ஏழு மணிக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் ஒரு அம்மாள். சரி, சந்தையில் பழமாவது வாங்கலாம் என்று போனால் அங்கே தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெட்ரோல் பங்கில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்தான் எங்கள் முதல் கரீபியன் விருந்து.

இந்தத் தீவைப் பொறுத்தவரை எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதுதான் முக்கியம். அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நீங்கள் படாமலே தெரிந்துகொள்ள இது.

முதல் படி: விசாவும் மாதமும்

குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ, பேச்சு பிரெஞ்சும் உள்ளூர் மொழியான கிரியோலும். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றவிடும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். கையில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிடக் கூடாது. பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்று தனியாகக் குறிப்பிட்ட பிரெஞ்சு விசா வேண்டும். விண்ணப்பிக்கும்போதே குவாதலூப் என்று எழுதிக் கேளுங்கள். எங்களைப் போல பிரான்சில் குடியிருப்பு அட்டையோடு வாழ்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பாரிஸிலிருந்து நேர் விமானம் எட்டு, எட்டரை மணி நேரம். இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னால் இருக்கிறது தீவு.

டிசம்பர் முதல் மே வரை வறண்ட காலம். உள்ளூரில் அதற்குக் காரேம் என்று பெயர். ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் புயலும். ஆகஸ்டு, செப்டம்பரில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் இந்தத் தீவைப் புரட்டிப்போட்டதை இன்றும் பேசுகிறார்கள். கிறிஸ்துமஸ் வாரத்திலும் பிப்ரவரி பள்ளி விடுமுறையிலும் பாரிஸ் மொத்தமும் இங்கேதான் இருக்கும், விலையும் அப்படி. என்னைக் கேட்டால் ஜனவரி நடுவில் போய்விடுங்கள். கார்னிவல் ஊர்வலங்களும் தொடங்கியிருக்கும்.

இரண்டாம் படி: தங்குமிடத்தை இரண்டாகப் பிரியுங்கள்

வரைபடத்தில் தீவு ஒரு வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், மேற்குச் சிறகு பாஸ்-தேர், நடுவில் ஒரு குறுகிய உப்பங்கழி. கிராந்த்-தேர் என்றால் பெரிய நிலம், பாஸ்-தேர் என்றால் தாழ்ந்த நிலம். உண்மையில் பெரிய நிலம்தான் சிறியது. தாழ்ந்த நிலத்தில்தான் 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. பெயர் வைத்தவர்கள் காற்றின் திசையைப் பார்த்து வைத்தார்களாம்.

ஒரே இடத்தில் தங்கி எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பாதி விடுமுறை காருக்குள் போய்விடும். நாங்கள் முதல் நான்கு இரவுகள் கிராந்த்-தேரின் தென்கரையில் சேந்த்-ஆனில் தங்கினோம், கடைசி மூன்று இரவுகள் பாஸ்-தேரின் வடமேற்கில் தெயேயில். சேந்த்-ஆன் பக்கம் வெள்ளை மணல், ஆழமில்லாத நீலக் கடல், கடைகள், கூட்டம். தெயே பக்கம் மலை, காடு, அந்தி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கூட்டத்தில் தொடங்கி அமைதியில் முடிப்பதுதான் நல்லது.

மூன்றாம் படி: கார்

கார் இல்லாமல் முடியாது. பேருந்து உண்டு, ஆனால் மாலையிலும் ஞாயிறிலும் அதை நம்பி வெளியே கிளம்ப முடியாது. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மலிவான கார்கள் பெரும்பாலும் கையால் கியர் போடுபவை, தானியங்கி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரு சிறகுகளும் சேரும் இடத்தில் ஜாரி என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. காலை அலுவலக நேரத்திலும் மாலை நான்கு மணியை ஒட்டியும் அங்கே மாட்டினால் சென்னை கத்திப்பாராதான். கடற்கரையில் காரை நிறுத்தும்போது உள்ளே ஒரு பையைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

நான்காம் படி: கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்

முதல் மூன்று நாள் எப்படியும் விடிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதைச் சாபமாக நினைக்க வேண்டாம், இந்தத் தீவுக்கு ஏற்ற கடிகாரமே அதுதான். ஏழு மணிக்குச் சந்தை. பத்து மணிக்குள் கொள்முதல் முடிந்துவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு உணவகத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், ஒன்றரைக்கு மேல் போனால் உங்கள் அதிர்ஷ்டம். பிறகு ஒரு குட்டித் தூக்கம். மூன்று மணிக்கு வெயில் இறங்கியதும் கடற்கரை. ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், வெப்பமண்டல இருட்டு மெல்ல வராது, திரை விழுந்த மாதிரி விழும். ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு. ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடைகள் கிடையாது, ஞாயிறு இரவும் திங்களும் பல உணவகங்களும் மூடியிருக்கும். சனிக்கிழமையே வீட்டுக்கு ரொட்டி, முட்டை, தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் பொன்ஜூர், அதாவது வணக்கம், சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே விலை கேட்டால் நீங்கள் அங்கே இல்லாத மாதிரியே அந்த அம்மாள் அடுத்தவரிடம் பேசிக்கொண்டிருப்பார். மதியம் தாண்டியதுமே இங்கே அது பொன்சுவார், மாலை வணக்கம், ஆகிவிடும். இரண்டையும் மாற்றிச் சொன்னால் திட்ட மாட்டார்கள், திருத்துவார்கள்.

ஐந்தாம் படி: புவாந்த்-ஆ-பீத்ர் சந்தை

பெரிய கடைவளாகம் வேண்டுமென்றால் பே-மாவோவில் தெஸ்த்ரெலான் இருக்கிறது. குளிரூட்டி, பிராண்டு கடை, சூப்பர்மார்க்கெட் எல்லாம் உண்டு. ஆனால் இறக்குமதிப் பொருள்கள்மேல் கடல்வரி என்று ஒரு பழைய வரி இருப்பதால் சட்டையும் பாலாடைக்கட்டியும் பாரிஸைவிட விலை கூடுதல். வாசனைத் திரவியமும் கைக்கடிகாரமும் வாங்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. பொருள் வாங்க வேண்டிய இடம் புவாந்த்-ஆ-பீத்ர் நகரின் சேன்-அந்துவான் சந்தைதான். இரும்புத் தூண்களின்மேல் கூரை வேய்ந்த பழைய மண்டபம். ஞாயிறு தவிர எல்லாக் காலையிலும் உண்டு.

உள்ளே போனதும் மூக்குதான் முதலில் விழிக்கும். பட்டை, ஜாதிக்காய், மஞ்சள், வெந்தயம். கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டிய பெண்கள் "தூதூ, இங்கே வா" என்று கூப்பிடுவார்கள். தூதூ என்றால் கண்ணு, செல்லம் என்பது போல. என்னையும் கூப்பிட்டார்கள், என் மனைவியையும் கூப்பிட்டார்கள், பின்னால் வந்த எழுபது வயதுப் பெரியவரையும் கூப்பிட்டார்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். ஏதாவது வாங்கிய பிறகு கேட்டால் மறுப்பே வராது.

கேட்க வேண்டிய முதல் பொருள் கொலம்போ பொடி. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு. முகர்ந்ததுமே தெரிந்துவிடும், இது நம்முடைய குழம்புப் பொடியின் அக்கா. பெயர் கொழும்பு நகரிலிருந்து வந்தது என்பார்கள் சிலர், குழம்பு என்ற சொல்லே இப்படித் திரிந்தது என்பார்கள் வேறு சிலர். 1854 டிசம்பர் 24 அன்று ஓரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இங்கே இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டவர்களில் தமிழர்கள் நிறைய. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் அம்மியில் அரைத்தது இன்று தீவின் தேசிய உணவாக இருக்கிறது. சந்தையில் பாகற்காய்க்குப் பரோக்கா என்று பெயர். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான் புதுச்சேரிக்காரன், எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் தொண்டை அடைத்தது.

பொடியை வழவழ பாக்கெட்டில் வாங்காதீர்கள், அதில் பல நிறத்துக்காகவே அடுக்கியவை. திறந்த கிண்ணத்திலிருந்து அள்ளித் தருபவரிடம் வாங்குங்கள். வனிலாக் காய் விரலில் சுற்றினால் முறியாமல் வளைய வேண்டும், எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். புவா தாந்த் என்று ஒரு இலை விற்பார்கள். இந்தியக் கட்டை என்று பொருள், இந்தியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் மீன் குழம்பில் போட்டால் கிராம்பும் பட்டையும் சேர்ந்த வாசனை. பேரம் நம்ம ஊர் அளவுக்கு நடக்காது. நாலைந்து பொருளை ஒருவரிடமே வாங்கினால் தானாகவே கொசுறு வரும்.

அப்புறம் மத்ராஸ் துணி. கரீபியன் முழுக்க அந்தக் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு நம் சென்னையின் பழைய பெயர்தான். என் மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க அப்பா கட்டுற கைலி இல்லையா?" என்றாள். அதேதான். ஆனால் இங்கே அது திருவிழா உடை, பெண்களின் தலைக்கட்டு. தலைக்கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒன்று என்றால் மனம் காலியாக இருக்கிறது, இரண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது, மூன்று என்றால் திருமணமாகிவிட்டது, நான்கு என்றால் துணிந்தவனுக்கு இன்னும் இடமிருக்கிறது. கடைக்கார அம்மாள் என் மனைவிக்கு நான்கு முனை வைத்துக் கட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வாங்கும்போது தடவிப் பாருங்கள், இப்போது பாலியெஸ்டர் கலந்தது நிறைய வருகிறது. தைத்த உடையைவிட மீட்டர் கணக்கில் துணியாக வாங்குவதே மேல்.

நகை பிடித்தவர்களுக்கு கிரியோல் பொன்மணி மாலை அழகு, நம்ம ஊர் குண்டுமணி மாலை சாயல். பிரான்சின் வழக்கப்படி 18 காரட் தங்கம், 22 காரட் கண்ணோடு பார்த்தால் வெளிறித்தான் தெரியும். ஞாபகத்துக்கு வாங்கலாம், முதலீடாக வேண்டாம். லம்பி என்ற பெரிய இளஞ்சிவப்புச் சங்கைத் தொடாதீர்கள். பன்னாட்டுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள உயிரினம் அது, சுங்கத்தில் மாட்டுவீர்கள்.

ஆறாம் படி: சாப்பாடு

காலையில் அக்ரா. உப்புக்கண்ட மீன் போட்ட சின்ன பஜ்ஜி, சுடச்சுட காகிதக் கூம்பில் தருவார்கள். மதியம் அவசரமென்றால் போக்கித். எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து உள்ளே கோழியோ மீனோ வைத்துக் கொடுப்பது, சாலையோர வண்டியில் சுமார் ஐந்து, ஆறு யூரோவுக்குப் பசி அடங்கிவிடும். பூரியைச் சாண்ட்விச் ஆக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. ஒன்றை வாங்கி இருவர் சாப்பிடலாம்.

உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் ஆட்டுக்கறி கொலம்போ. காரம் நம் அளவுக்கு இருக்காது, குழம்பு தளதளவென்று இருக்கும், பக்கத்தில் சோறும் சிவப்பு அவரையும். தட்டின் ஓரத்தில் ஒரு மிளகாய் மஞ்சளாக, உருண்டையாக, அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும். "நாங்கள் ஆந்திரா மிளகாயையே பார்த்தவர்கள்" என்ற நினைப்பில் அதைக் கடிக்க வேண்டாம். நான் கடித்தேன். குழம்பில் லேசாக அழுத்தி எடுத்துவிடுவதுதான் முறை. சுட்ட மீனுக்கு வெங்காயத் தாள், எலுமிச்சை, மிளகாய் போட்ட நாய்ச் சாறு என்று ஒன்று வரும். பெயர்தான் அப்படி, சுவை அருமை.

சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் பட்டினி இல்லை. கிறிஸ்தோஃபின் என்பது நம் சௌசௌ, பாலாடைக்கட்டி போட்டு வாட்டித் தருவார்கள். சீமைப்பலா, வாழைக்காய், பரங்கி அக்ரா எல்லாம் கிடைக்கும். பருப்பு என்று கேட்டு நிம்மதியாக வாங்கிவிடாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைக்கும் வழக்கம் உண்டு. "சான் வியாந்த், சான் புவாசோன்", இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

குடிப்பவர்களுக்கு தி-பான்ச். வெள்ளை ரம், எலுமிச்சைத் துண்டு, கரும்புச் சர்க்கரை, அவ்வளவுதான், ஐஸ் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பாட்டிலையே மேசையில் வைத்துவிட்டு நீங்களே கலந்துகொள்ளச் சொல்லும் இடங்களும் உண்டு. ரம்மில் ஆல்கஹால் 50, 55 சதவீதம். வெல்லப்பாகிலிருந்து வடித்ததல்ல, கரும்புச் சாற்றிலிருந்தே வடித்தது, அதனால் புல் வாசனை தூக்கலாக இருக்கும். இருவரில் யார் ஓட்டுவது என்பதை முதல் கோப்பைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கடற்கரை ஓரத்தில் மர வாளியில் ஐஸும் உப்பும் போட்டுக் கையால் சுற்றித் தேங்காய் சொர்பே செய்யும் பெண்களைப் பார்த்தால் நிற்காமல் போகாதீர்கள். தேங்காய்ப்பால், பட்டை, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல். எட்டு நாளில் நாங்கள் எத்தனை சாப்பிட்டோம் என்று எண்ணவில்லை.

ஏழாம் படி: கடற்கரை

எல்லாக் கடற்கரையும் பொது இடம். பெரிய ஓய்வு விடுதிக்கு முன்னால் இருக்கும் சேந்த்-ஆனின் கராவேல் கடற்கரைக்கும் யாரும் போகலாம், பக்கவாட்டுப் பாதை இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்களுக்கு அதற்குக் கிழக்கே புவா ஜோலான், நடந்துகொண்டே இருக்கலாம், தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. 2011 முதல் சர்காசும் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக்கிலிருந்து கூட்டமாக வந்து ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் தெற்கு, கிழக்குக் கரைகளில் அழுகி முட்டை நாற்றம் அடிக்கும். அப்படி வந்துவிட்டால் யோசிக்காமல் மேற்குக் கரைக்குக் கிளம்பிவிடுங்கள்.

மேற்கில் தெயே அருகே கிராந்த்-ஆன்ஸ், பொன்னிற மணலில் நீண்டு கிடக்கும். அலை சில நாள் பலமாக இருக்கும், உள்ளூர்க்காரர்கள் எங்கே இறங்குகிறார்களோ அங்கே இறங்குங்கள். சூரியன் நேராகக் கடலுக்குள் விழுவதை இங்கேதான் பார்க்க வேண்டும். அங்கிருந்து தெற்கே புயாந்தில் மலாந்தூர், மணல் எரிமலைக் கறுப்பு. அழகு மணலில் இல்லை, தண்ணீருக்குள். முகமூடியும் மூச்சுக்குழலும் போட்டுக்கொண்டு கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே கடலாமைகள் புல் மேய்ந்துகொண்டிருக்கும். தொடக் கூடாது, துரத்தக் கூடாது. எதிரே பிழோன் தீவுத்திட்டுகள், பவளமும் மீனும் பார்க்கப் படகு உண்டு. காலை எட்டு மணிக்குப் போனால் நீங்களும் ஆமைகளும் மட்டும்தான், பதினொன்றுக்குப் போனால் ஆமையைவிட மனிதர்கள் அதிகம்.

கரையோர மரங்களில் சிவப்புச் சாயம் பூசியிருந்தால் விலகி உட்காருங்கள். மான்சனீயே மரம் அது. சின்ன ஆப்பிள் போன்ற பழம், பால், இலை எல்லாமே நஞ்சு. மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் பொத்துப்போகச் செய்யும்.

எட்டாம் படி: லே சேந்தும் கபெஸ்தேரும்

தெயேயிலிருந்து ஒரு நாள் முழுதும் ஒதுக்கி த்ருவா-ரிவியேர் துறைக்குப் போங்கள். அங்கிருந்து இருபது நிமிடப் படகில் லே சேந்த் தீவுக்கூட்டத்தின் தேர்-தெ-ஓ தீவு. நடுவில் கடல் குலுக்கும், மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. இங்கேயும் கடிகாரம்தான் எஜமான். நெப்போலியன் கோட்டை காலையில் மட்டுமே திறந்திருக்கும், ஆகவே இறங்கியதும் மேலே ஏறுங்கள். மதியம் போம்பியேர் கடற்கரை. ஆடுகளும் கோழிகளும் உங்கள் பையைச் சோதனை போட வரும். படகுத்துறையில் கூடையில் சின்னத் தேங்காய்ப் பணியாரம் விற்பார்கள், பெயர் துர்மான் தமூர், காதலின் வேதனை. கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்த பெண்கள் சுட்டதாம். வந்ததுமே வாங்குங்கள், மாலையில் தீர்ந்துவிடும்.

திரும்பும் வழியில் கபெஸ்தேர்-பெல்-ஓவில் நெடுஞ்சாலை ஓரமாகவே ஷான்ஜி கோயிலின் வண்ணக் கோபுரம் தெரியும். மாரியம்மன் கோயில், இங்கே மலியேமேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். காவலுக்கு இருந்த பெரியவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குக் கிரியோல் தெரியாது. சாமி பெயர்களை மட்டும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தியத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கேட்டு 1904-இல் வழக்காடத் தொடங்கி 1923 வரை விடாமல் நின்ற ஆன்ரி சிதம்பரம் இந்த ஊர்க்காரர்தான்.

கடைசியாக, பெட்டி கட்டுவது

ரம் பாட்டிலைப் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரைதான் சுங்கமில்லாமல் கொண்டுபோகலாம். பழமும் செடியும் வேண்டாம். கொலம்போ பொடியை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாய் கட்டி, அதை ஒரு டப்பாவில் வையுங்கள். நாங்கள் ஒரே உறையில் வைத்தோம். மனைவியின் நீலப் பட்டுப்புடவையை மூன்று முறை சலவைக்குப் போட்டாயிற்று, போன வாரம் ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, "இன்னைக்கு வெந்தயக் குழம்பா வச்சே?" என்று கேட்டாராம்.